அதோ நம்ம பையன்

தொலைக்காட்சியில் போர்ச் செய்தி ஓடுகிறது. பாலைவனத்தில் சிப்பாய்கள் லாரியில் ஏறுகிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கும் தன் மகனைத் தேடி அக்கா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். எனக்குச் சட்டென்று புளி போட்டுத் துலக்கிய பித்தளை வாசனை வந்தது.

வளைகுடாப் போருக்குச் சித்தப்பாவை அதே பட்டாளம்தான் அனுப்பியிருந்தது. குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு மாலைச் செய்தி பார்க்க, அந்தப் பட்டாளத்தில் ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுச் சொல்தா மாமா வருவார். பதக்கங்களைப் பளபளவென்று துலக்கிச் சட்டையில் குத்தியிருப்பார். திரையில் எவனாவது கையசைத்தால் போதும்.

"அதோ நம்ம பையன்! பாரும்மா, உன் வூட்டுக்காரன!"

வீடே கைதட்டும். சித்தி ஓடிப்போய்த் திரையைத் தொடுவாள். ஒருநாள் அந்தச் சிப்பாயின் தோளில் அமெரிக்கக் கொடியைப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறந்தேன். மாமா என் தொடையில் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் வலித்தது. ஆனால் அன்று சித்தி வயிறாரச் சாப்பிட்டாள்.

"தம்பி, நல்லா பாருடா! ஓரமா நிக்கிறது நம்ம பையன்தான?" என்று அக்கா கத்தினாள்.

அவன் தோளில் வேறு ஏதோ நாட்டுக் கொடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளும் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"அவனேதான்க்கா!" என்று கத்திக்கொண்டே அவள் தொடையைக் கிள்ளினேன்.