சைரன் பிடித்த கடைசி ஸ்வரம்

இது கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை. இது நடந்தது என் அக்கா கணவருக்கு. லிஃப்ட் மெக்கானிக். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொன்னாலும் அடுத்த நிமிடமே அக்காவிடம் மாட்டிக்கொள்வார். முப்பது வருடமாக, ஓடும் லிஃப்ட்டின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்கிறவர். அந்தக் காதுதான் அன்றைக்கு அவரைப் பயமுறுத்தியது.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி நான்கு. ஜன்னல் வழியாக நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அத்தான் இருபது வயதிலிருந்து உள்ளூர் பேண்டுகளில் கீபோர்டு வாசித்தவர். ஒரு பேண்டு உடைந்தால் இன்னொன்று. பெயர்தான் மாறும், ஆட்கள் அதே நாலு பேர். டிரம்ஸ் வாசித்தவர் பஸ் டிப்போவில் வேலை. எந்தப் பாட்டையும் முடிவதற்குள் ஓட்டமாக ஓட்டிவிடுவார், அதனால் கிண்டலாகக் ‘கடிகாரம்’ என்று பெயர். கிட்டார்காரர் பல் டாக்டர். அவர் ‘ஊசி’. பாடுகிறவர் ‘சைரன்’. மைக் இல்லாமலே அவர் குரல் தெருக்கோடி வரை கேட்கும்.

காசுக்கு வாசித்தவர்கள் இல்லை. ஃபர்னிச்சர் கடைத் திறப்பு விழாவில் வாசித்திருக்கிறார்கள். எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள் பாட்டைக் கேட்காமல் சோபாவின் விலையைக் கேட்டார்கள். ஒரு பள்ளிக்கூட ஹாலில் கேட்க வந்தது மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் ஹாலைப் பூட்ட வந்த வாட்ச்மேன். கை தட்டியவர் அவர் மட்டும்தான்.

ஒருமுறை ஆறாவது மாடியில் ஒரு விருந்துக்கு வாசிக்கப் போனபோது, டிரம்ஸோடு நாலு பேரும் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள். நாற்பது நிமிடம். “மெக்கானிக்கையே உள்ள வச்சுக்கிட்டு நிக்குதுன்னா, இந்த லிஃப்ட்டுக்கு எவ்வளவு கொழுப்புடா!” என்றாராம் ஊசி. அந்த நாற்பது நிமிடத்தில் சைரன் ஒரு பாட்டுக் கட்டினார். அதற்குப் பெயரே ‘லிஃப்ட் பாட்டு’. அதன்பிறகு எங்கே வாசித்தாலும் கடைசியில் அதுதான். முடிவில் சைரன் உச்சத்தில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து எட்டு எண்ணிக்கை நீட்டுவார். கூட்டம் இருந்தால் கூட்டம் எழுந்துவிடும். கூட்டம் இல்லாவிட்டால் நாய் குரைக்கும்.

பிறகு சைரனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. பேண்டும் அதோடு நின்றது. வாட்ஸ்அப்பில் ஒரு குழு மட்டும் மிச்சம். சில மாதங்களாக அதிலும் அவர் எதுவும் பேசவில்லை. கட்டை விரல் படம் மட்டும் வரும். வேலை அதிகம் போலிருக்கிறது என்று இவர்கள் விட்டுவிட்டார்கள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அதை அத்தான் இப்போதும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார்.

இது நடந்த மாதக் கடைசியில் கடிகாரத்துக்கு டிப்போவில் பணி ஓய்வு விழா. அதில் மீதி மூன்று பேரும் கடைசியாக ஒருமுறை வாசிப்பதென்று முடிவானது. ஒத்திகைக்குப் பழைய இடமேதான். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும், சத்தம் வெளியே போகாமலிருக்க. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே கடை பூட்டியிருந்தது. கட்டடத்தில் இவர்களைத் தவிர யாருமில்லை.

மூன்று ஐம்பதுக்கு ஆரம்பித்தார்கள். நான்காவது பாட்டு முடிந்ததும் கடிகாரம் குச்சியைக் கீழே வைத்தார்.

“சைரன் இல்லாம என்னடா இது, உப்பில்லாம சாப்பிடுற மாதிரி இருக்கு. போனைப் போட்டுப் பாட வைக்கலாமா?”

“போன்ல எங்கடா சேர்ந்து பாடுறது?” என்றார் அத்தான்.

அவர் சொன்னது சரி. இங்கே வாசிப்பது அங்கே போய்ச் சேரவும், அங்கே பாடுவது இங்கே வரவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அரை நொடியாவது பிந்தும். தாளம் ஒட்டவே ஒட்டாது. வாசிக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

“சும்மா சிரிக்கலாம்டா” என்று கடிகாரம் தன் போனில் எண்ணைப் போட்டார். ஸ்பீக்கரில் வைத்து, மைக்குக்கு எதிரே ஒரு ஸ்டூலில் சாய்த்தார். மணி 4:07.

போனில் ஒரே ஒரு முறை மணி அடித்தது.

“என்ன ஸ்கேல்?”

சைரன்தான். ஹலோ இல்லை. நல்லா இருக்கியா இல்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி, சுருதியைக் கேட்கிற அந்தக் கேள்வி. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அதே ஸ்கேல்தான்டா. லிஃப்ட் பாட்டு!” என்று கத்தினார் ஊசி.

கடிகாரம் நாலு தட்டினார். ஆரம்பித்தார்கள்.

குரல் வந்தது. அதே குரல். கொஞ்சமும் வயதாகாத குரல். ஊசியின் கண் கலங்கிவிட்டது. முதல் சரணம் முடியும்வரை சந்தோஷம்தான்.

இரண்டாவது சரணத்தில் அத்தானுக்கு என்னவோ உறுத்தியது.

குரல் பிந்தவில்லை.

அரை நொடி இல்லை. கால் நொடிகூட இல்லை. டிரம்ஸ் அடி விழும் அதே இடத்தில் சொல் விழுகிறது. பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி.

நல்ல போன் போலிருக்கிறது... அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்தது மூச்சு.

சைரன் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ‘ஸ்ஸ்’ என்று சத்தமாக மூச்சு இழுப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இவர்கள் அடுத்த வரிக்குத் தயாராவார்கள். இருபது வருடப் பழக்கம். அன்றைக்கு அத்தான் அந்த மூச்சுக்காகக் காத்திருந்து காத்திருந்து இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தார்.

மூச்சே வரவில்லை. வரி முடிகிறது. அடுத்த வரி ஆரம்பிக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை.

அத்தான் நிமிர்ந்து ஊசியைப் பார்த்தார். ஊசி ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

பாட்டு கடைசிக்கு வந்தது. உச்ச ஸ்வரம். சைரன் பிடித்தார்.

எட்டு எண்ணிக்கை.

பதினாறு.

கடிகாரம் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று அடித்தார். இருபத்து நாலு. முப்பத்து இரண்டு... சிரிப்பு நின்றது. கையும் நின்றது.

ஊசி கிட்டாரிலிருந்து கையை எடுத்தார்.

அத்தானும் எடுத்தார்.

ஸ்வரம் மட்டும் நிற்கவில்லை.

ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நடுங்கவில்லை. ஒரு மனிதனால் இவ்வளவு நேரம் ஒரே மூச்சில் பாட முடியாது...

“டேய், போதும்டா” என்றார் கடிகாரம். “டேய்...”

அத்தான் ஸ்டூலை நோக்கி நடந்தார். நாலு எட்டு தூரம். போனை எடுத்தார்.

திரை இருட்டாக இருந்தது.

காதில் வைத்தார். போனில் ஒன்றுமே இல்லை.

சத்தம் பெட்டி ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒலி மிக்ஸரில் மைக்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. யாரோ மைக்குக்கு நேர் முன்னால் நின்று பாடினால் எரிகிற விளக்கு.

மைக்குக்கு முன்னால் அத்தான்தான் நின்றிருந்தார்.

அவர் வாய் மூடியிருந்தது.

ஊசி பாய்ந்து மைக் வயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. ஸ்பீக்கர் அடங்கியது.

ஸ்வரம் அடங்கவில்லை.

இப்போது அது அத்தானின் இடது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. ஒரு சாண் தூரம். சைரன் எப்போதும் நிற்கிற இடம்.

காற்றுப் படவில்லை. சத்தம் மட்டும்.

பிறகு... நின்றது.

முட்டை அட்டைச் சுவர். வெயில். மூன்று பேர்.

“கடிகாரம்...” என்றது, அதே இடத்திலிருந்து. “வேகமாப் போறடா.”

மணி 4:22.

அவர்கள் படியில் இறங்கவில்லை, உருண்டார்கள் என்றே சொல்லலாம். கடிகாரத்தின் ஒரு செருப்பு மேலேயே கிடந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை. தெருவில் வெயிலில் நின்று, கடிகாரத்தின் போனைத் திறந்து பார்த்தார்கள். 4:07-க்குப் போட்ட அழைப்பு இருந்தது. அதன் கீழே, ‘எடுக்கப்படவில்லை’.

அத்தான்தான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மறுபடி போட்டார். நெடுநேரம் மணி அடித்தது. சைரனின் மனைவி எடுத்தார்.

“அண்ணா, மன்னிச்சுக்கோங்க. போன் உள்ளே சார்ஜ்ல கிடந்துச்சு. இப்பத்தான் பார்த்தேன், மிஸ்டு கால் இருந்துச்சு.”

“அவன்... பக்கத்துல இருக்கானாம்மா?”

“தூங்குறார் அண்ணா. மூணு மணிக்கு மாத்திரை போட்டுப் படுத்தார்.”

“ஒரு நிமிஷம் எழுப்ப முடியுமா? ஒரு வார்த்தை பேசினாப் போதும்.”

அந்தப் பக்கம் அழுகை.

“சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார் அண்ணா. புற்றுநோய். போன மாசம் பதினொண்ணாம் தேதி ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துட்டாங்க. இனிமே அவர் பேச மாட்டார் அண்ணா. மூச்சுகூட கழுத்துல போட்ட ஓட்டை வழியாத்தான்...”

அத்தான் போனைக் கடிகாரத்திடம் கொடுத்துவிட்டு, பூட்டிய டயர் கடையின் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே ரயில் ஏறிப் போய்ப் பார்த்தார். சைரன் பாதியாகிப் போயிருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி. அத்தானைக் கண்டதும் சிரித்தார், சத்தமில்லாத சிரிப்பு. மடியில் ஒரு சின்னப் பலகை வைத்திருந்தார். அதில் எழுதிக் காட்டினார்: ‘விழாவுல யார் பாடுறா?’

“யாரும் பாடல. வெறும் வாசிப்புதான்” என்றார் அத்தான். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினார்.

வாசல் வரை வந்த சைரனின் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க.”

“சொல்லும்மா.”

“என் மாமியார், என் நாத்தனார் வீட்டுல இருக்காங்க. எண்பத்தி ரெண்டு வயசு. தாங்க மாட்டாங்கன்னு ஆபரேஷனைப் பத்தி இன்னும் சொல்லல. அவர் ஏன் பேசறதில்லைன்னு கேட்டா என்ன பதில் சொல்றதுன்னு இத்தனை நாள் பயந்துகிட்டே இருந்தேன். இன்னிக்குக் காலையில நானே மனசைத் தேத்திக்கிட்டு போன் பண்ணினேன். ‘அவர் பேசலைன்னு கோவிச்சுக்காதீங்க அத்தை’ன்னு ஆரம்பிச்சேன்.”

அவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

“அதுக்கு அவங்க சிரிக்கிறாங்க அண்ணா. ‘என்னடி உளர்ற, அவன்தான் தினமும் அஞ்சு மணிக்கு டாண்ணு பேசிடுறானே. நேத்து மட்டும்தான் லேட்டு. பசங்களோட பாட்டு ப்ராக்டிஸ் இருந்துச்சும்மான்னு சொன்னான்’ங்கறாங்க.”