உப்பு வைத்த தீவனம்

கிள்ளானில் புதிதாக ஆடு வளர்க்க வருபவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். ஆட்டை உயிரோடு எடை போட்டுத்தான் விற்போம். அதனால் ஒருநாள் சிரித்துக்கொண்டே ஒரு குறுக்குவழியைச் சொல்லிவைத்தேன்: "நிறுக்கறதுக்கு முன்னால தீவனத்துல உப்பைக் கலந்துடுங்க. ஆடு தானா தண்ணி குடிச்சு கனக்கும்லா." வகுப்பே சிரித்தது.

என் மாணவி கலா முதல் கிடாவை விற்கும் அன்று என்னையும் கூப்பிட்டிருந்தாள். கொட்டகைக்குள் நுழைந்தேன். கிடாவின் வாயில் ரப்பர் குழாயைச் செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள். வயிறு பீப்பாயாக உப்பியிருந்தது. மூக்கில் நுரை.

"சீ! என்னம்மா பண்றே?"

"உப்பு வச்சேன் சார், குடிக்கவே இல்ல. அதான் பைப்பு போட்டேன்."

குழாயைப் பிடுங்கினேன். கிடா இரண்டு முறை உதைத்துக்கொண்டு உயிரை விட்டது.

லோரியோடு வந்திருந்த இறைச்சிக்கடைக்காரர் காறித் துப்பினார். "எவன்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

கலா என்னைப் பார்த்தாள். நான், அவள் வேறு யாரையோ பார்ப்பதுபோல, பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே வெறும் பலகைச் சுவர்தான் இருந்தது. இப்போதும் யாராவது என்னை 'சார்' என்றால், அந்த நுரையின் வாடை மூக்கில் ஏறுகிறது.