முதலாளி ஒதுக்கி வைத்த பங்கு

நிறைந்த சிலிண்டரும் வெறும் சிலிண்டரும் தட்டினால் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. லொறியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சிலிண்டரையும் முதலாளி விரல் மொளியால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். தராசு பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும் தட்டிப் பார்க்காமல் எதையும் உள்ளே எடுக்க விடமாட்டார். ஏறாவூரில், பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த அவருடைய கேஸ் கடையில் நான் கிளார்க்காகச் சேர்ந்த முதல் நாள் கண்ட காட்சி அது. கணவர் இறந்தபின் பிள்ளையோடு செங்கலடியில் தாய்வீட்டில் இருந்த எனக்கு, பஸ்ஸில் வந்து போகக்கூடிய ஒரு வேலை தேவைப்பட்டது. வேலை கேட்டுப் போனபோது அவர் என்னுடைய சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. “பிழை விட்டா மறைக்காமச் சொல்லுவீங்களா தங்கச்சி?” என்று மட்டும் கேட்டார். “ஓம்” என்றேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

கடை தொடங்குவதற்கு முன் அவர் நீண்ட காலம் வளைகுடா நாடொன்றில் இருந்தவர். துறைமுகத்தை ஒட்டி நின்ற, எரிவாயு நிரப்பி வைக்கும் உருண்டைத் தாங்கிகளின் வால்வுகளைச் சோதிப்பது அவர் வேலை. அந்தத் தாங்கிகளைப் பற்றி அவர் பேசுவது, சிலர் மக்காவுக்குப் போய்வந்த பயணத்தைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். “நிலவு பத்துப் பன்ரெண்டு ஒண்டா இறங்கி நிலத்துல குந்தியிருக்கிற மாதிரி தங்கச்சி. அவ்வளவும் கேஸ். கிணத்துலயே கேஸ் ஊறுற நாடு அது. அவன் கூட நாளைக்கு எண்டு வைக்கிறான். எங்கட நாட்டப் பாருங்க. கப்பல் வந்தாத்தான் அடுப்பு எரியும். கப்பல் பிந்தினா மறுகா என்ன?” என்பார். அந்த நாட்களில் கப்பல் பிந்துமென்று யாரும் நினைத்ததில்லை. பள்ளிவாசலடியில் இதைச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். நானும் மனத்துக்குள் சிரித்திருக்கிறேன்.

நாட்டுக்குத்தான் தாங்கி கட்ட முடியாது, கடைக்காவது கட்டுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, கடையின் பின்வளவில் ஓர் இரும்புக் கூண்டு செய்வித்திருந்தார். ஒவ்வொரு லொறி வரும்போதும் சில சிலிண்டர்கள் அதற்குள் போகும். முன்பு வைத்தவை வெளியே வரும். கூண்டு மட்டும் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. அது கிரான் போகும் வழியில் இருந்த ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கான பங்கு. நடக்கவோ பேசவோ முடியாத பிள்ளைகளை அங்கே ஒரு சிஸ்டர் சில பெண்களோடு பராமரித்து வந்தார். அந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சோற்றை மென்று விழுங்க முடியாது. எல்லாவற்றையும் குழைய அவித்து, மசித்து, சூடு ஆறுமுன் ஊட்ட வேண்டும். ஒருமுறை சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுத்த முதலாளி அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு, “அந்த வீட்டுல அடுப்பு அணையக் கூடாது தங்கச்சி” என்றார்.

இந்தக் கூண்டைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை வீட்டில் ஒருவருக்கு மட்டும் இருந்தது. அவருடைய இளைய மகள். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்று ஆராய்ந்த ஒரு குழுவில் சேர்ந்திருந்தாள். கல்லடிக் கரைக்கு அப்பால், கடலில் அவர்கள் ஒரு மஞ்சள் மிதவையை நங்கூரம் போட்டு விட்டிருந்தார்கள். அலையின் உயரத்தையும் வேகத்தையும் அது ஒரு வருடம் முழுவதும் அளந்தால்தான், அந்தக் கடலில் இயந்திரம் வைப்பதா வேண்டாமா என்று சொல்ல முடியுமாம். பகல் சாப்பாட்டை அவள்தான் வீட்டிலிருந்து கடைக்குக் கொண்டு வருவாள். சாப்பாட்டோடு சண்டையும் வரும்.

“வாப்பா, உங்கட தாங்கிய நிரப்ப யாரு வரோணும்? கப்பல் வரோணும். கப்பல் வர டொலர் வேணும். அலைக்கி டொலர் கேக்கிறாங்களா?”

“கோடையில கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அப்ப எத எரிக்கிற?”

“அலை குறையும் வாப்பா. நிக்காது.”

“குறைஞ்சா வீட்டுக்காரியிட்ட என்ன சொல்லுற? சோறு இண்டைக்கி அரவேக்காடு எண்டா? அலையப் பூட்டி வைக்க ஏலா புள்ள. நாளைக்கி எண்டு வைக்க ஏலாதத நம்பி நாடு இரிக்கேலா.”

இப்படியே போகும். இருவரும் என்னைத் தீர்ப்புக் கேட்பார்கள். வெயில் நாளில் மகள் சொல்வது சரியென்றும், மாரியில் முதலாளி சொல்வது சரியென்றும் எனக்குத் தோன்றும். மாரியில்தானே அலை பெருகும், உண்மையில் தலைகீழாக அல்லவா தோன்றியிருக்க வேண்டும் என்று மகள் ஒருநாள் விளக்கியபோது மூவரும் சிரித்தோம். அந்தக் கடையில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அதுதான் கடைசி.

பிறகு நாட்டில் டொலர் தீர்ந்து, கப்பல் பிந்தியது. முதலில் லொறி ஒருநாள் விட்டு வந்தது. அப்புறம் கிழமைக்கொருமுறை. அப்புறம் எப்போது வருமென்று கேட்க எடுத்த தொலைபேசியையே யாரும் தூக்கவில்லை. கடை வாசலில் வெறும் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன, ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டப்பட்டு. ஆட்கள் வீட்டுக்குப் போனாலும் சிலிண்டர் இடம் பிடித்து நிற்கும். டவுனுக்குள் நெருக்கமான வீடுகள். விறகு அடுக்க வளவு இல்லை, புகை போக வழியில்லை. மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. மின்சாரம் போனால் எப்போது வருமென்று தெரியாது. அந்த வரிசையில் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து நின்றார்கள். ஒரு காலத்தில் ஒருவர் தெருவுக்குள் மற்றவர் போகப் பயந்திருந்த ஊர் இது. ஒரே வரிசையில் நின்று ஒரே கடைக்காரரைத் திட்டுவதற்குத்தான் எங்களால் ஒன்றுசேர முடிந்தது.

மகளின் கடலும் அதே நேரத்தில்தான் கைவிட்டது. மிதவையின் கயிறுகளை அடிக்கடி போய்ப் பார்த்து இறுக்க வேண்டும். போவதற்குப் படகு வேண்டும். படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும். மீனவர்களே கரையில் குந்தியிருந்த காலத்தில் ஆராய்ச்சிக்கு யார் எண்ணெய் தருவார்கள்? காற்று எழும்பிய ஒரு நாளில் நங்கூரக் கயிறு அறுந்து மிதவை போய்விட்டது. பிறகு அது வாகரைக் கரையில் உடைந்து ஒதுங்கியதாகத் தகவல் வந்தது. அதுவரை சேர்ந்த அளவுகளை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது என்று குழு கலைந்தது. அன்று அவள் சாப்பாட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, “வாப்பா, கடல அளக்கவும் கப்பல்ல வாற எண்ணெய்தான் வேண்டிக் கிடக்கு” என்றாள். முதலாளி தன் தட்டிலிருந்த மீனை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.

கூண்டில் அப்போதும் சிலிண்டர்கள் இருந்தன. கடைக்கு ஒன்றும் வராத நாட்களிலும் முதலாளி விற்பனைக்கென்று அதைத் திறக்கவில்லை. இல்லத்துக்கு ஒன்று முடிய ஒன்று, தார்ப்பாயால் மூடி, முச்சக்கர வண்டியில் அனுப்பினார். எனக்கும் அவருக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். ஆனால் அப்படிப்பட்ட நாட்களில் மூடிய வண்டியை ஊர் பார்க்காமல் விடுமா?

ஒருநாள் முற்பகல் ஆட்கள் பின்வளவுக்கு வந்துவிட்டார்கள். யார் சொன்னது, யார் முதலில் மதிலேறியது என்று எனக்குத் தெரியாது. கூச்சல் கேட்டு நாங்கள் ஓடியபோது, கூண்டுக் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். “பதுக்கி வெச்சிரிக்கான்!” என்ற சத்தம் முன்வாசல் வரிசைவரை போய், அங்கிருந்தவர்களையும் இழுத்து வந்தது. முதலாளி கூண்டுக்கு முன்னால் போய் நின்றார். இவை விற்க வைத்தவை அல்ல, பிள்ளைகள் இல்லத்துக்குரியவை என்று உரத்துச் சொன்னார். சிலர் தயங்கியதை நான் கண்டேன். அப்போதுதான் கைக்குழந்தையோடு ஒரு பெண் முன்னால் வந்தாள். பல நாளாக வரிசையில் கண்ட முகம்.

“என்ட புள்ளைக்கிக் கஞ்சி வைக்க அடுப்பில்ல முதலாளி. அந்தப் புள்ளையள் மட்டும்தான் புள்ளையளா?”

அவள் கத்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போலக் கேட்டாள். முதலாளி கூண்டின் பூட்டைக் கையால் பொத்திக்கொண்டார்.

மகள் அவர் கையைப் பிடித்தாள். “வாப்பா, திறந்து குடுங்க. நீங்களாக் குடுத்தா அது பங்கு. உடைச்சு எடுத்தா அது களவு. அவங்களக் களவெடுக்க வைக்காதீங்க.”

“இண்டைக்கிக் குடுத்திட்டு நாளைக்கி சிஸ்டருக்கு என்ன சொல்லுற?”

அந்த ஒரு கணத்தில் அவர் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவர் திறக்கவில்லை. யாரோ கடப்பாரை கொண்டு வந்தார்கள். பூட்டு தெறித்தது. கதவு திறந்த வேகத்தில் அதன் ஓரம் அவருடைய இடது பக்கத் தலையில் அடித்தது. விழுந்தவரைத் தாண்டித் தாண்டிச் சிலிண்டர்களைத் தூக்கிப் போனார்கள். சிலர் போகிற போக்கில் காசை எறிந்துவிட்டுப் போனார்கள். கைக்குழந்தைக்காரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் அவள் நின்றாள். தன் முந்தானையால் முதலாளியின் காதில் வழிந்த இரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் தண்ணீர் கொண்டு வரும்வரை நின்றாள்.

அவருடைய இடது காது கேளாமல் போய்விட்டது. பதுக்கல் என்று பொலிசில் போட்ட முறைப்பாடு நீதிமன்றத்தில் சில தவணைகளுக்குப் பிறகு ஒன்றுமில்லாமல் முடிந்தது. ஆனால் ஊர் வைத்த பெயர் முடியவில்லை. தலையில் கட்டோடு அவர் செய்த முதல் வேலை, விறகு தேடிப் போனது. கிரான் பக்கத்து வயல் வட்டைகளில் மரம் விழுத்தித் தரச் சொல்லி, தெரிந்தவர் ஒருவரின் லொறிக்கு எங்கோ டீசல் பிடித்து, இல்லத்தின் முற்றத்தில் கொண்டுபோய் இறக்கினார். நானும் கூடப் போனேன். ஈர விறகின் புகை சமையலறையிலிருந்து பிள்ளைகள் படுத்திருந்த அறைவரை வந்தது. எழுந்து போக முடியாத பிள்ளைகள் படுத்தபடியே இருமினார்கள். ஒரு பிள்ளைக்கு இருமக்கூடச் சரியாகத் தெரியவில்லை. சிஸ்டர் அவனைத் தூக்கி வெளியே கொண்டுபோய் மரத்தடியில் வைத்துக்கொண்டு இருந்தார். “நீங்கள் செய்ததுக்குக் கடவுள் சாட்சி” என்று அவர் முதலாளியிடம் சொன்னார். முதலாளி அதைக் கேட்டாரா, அல்லது கேளாத காதின் பக்கம் நின்றாரா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது லொறியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “ஒளிச்சு வெச்சது பிழை தங்கச்சி. இன்னாருக்கு எண்டு முன்வாசல்ல எழுதிப் போட்டு, ஊர்ப் பெரியாக்கள்ட்டப் பூட்டுத் திறப்பக் குடுத்திரிக்கோணும். ஆருக்கும் தெரியாத சேமிப்பு சேமிப்பில்ல.” அவர் தன் கூண்டைப் பற்றித்தான் பேசினார். எனக்கென்னவோ நாட்டைப் பற்றிக் கேட்டதுபோல இருந்தது. தாங்கியில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கென்று இருக்கிறது என்று எங்களிடம் யார் எப்போது உண்மை சொன்னார்கள்? சொல்லியிருந்தால் நாங்கள் அவ்வளவு சீக்கிரம் மதிலேறியிருப்போமா?

முகவர் உரிமையை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் ஓர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனேன். மகள் வடக்கே குளிரான ஒரு நாட்டுக்குப் போய், அங்கே கடலில் இயந்திரம் இறக்குகிற ஒரு கம்பனியில் இருக்கிறாள். நான் அவர் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், தொலைபேசியில் அந்தக் கடலைக் காட்டினாள். சாம்பல் நிற அலை, அதன்மேல் பெரிய மஞ்சள் உருளைகள். பக்கத்துத் துறைமுக விளக்குகள் இதில்தான் எரிகின்றன என்றாள். பிறகு கமராவைக் கரைப்பக்கம் திருப்பினாள். தூரத்தில் வெள்ளை வெள்ளையாக உருண்டைத் தாங்கிகள் நின்றன.

“அலை குறையிற நாளைக்கி எண்டு இவங்க கேஸும் நிறைச்சு வெச்சிருக்காங்க வாப்பா. நாம சண்டை பிடிச்ச ரெண்டும் இவங்கட்ட இரிக்கி.”

முதலாளி வலது காதைத் தொலைபேசிக்குக் கிட்டக் கொண்டுபோனார். “எத்தின நாளைக்கிக் காணும் எண்டு அங்கத்தச் சனத்துக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும். ஆரு வேணுமெண்டாலும் பாக்கலாம்.”

அவர் தலையை ஆட்டினார்.

அண்மையில், வளைகுடாப் பக்கக் கடலில் சண்டையென்றும் கப்பல்கள் பிந்தக்கூடுமென்றும் செய்தி வந்தது. சில நாள் கழித்து, தட்டுப்பாடு வராது, எல்லாம் போதியளவு இருக்கிறது என்று வானொலி சொன்னது. அதைக் கேட்ட மறுகணமே ஏறாவூரிலும் செங்கலடியிலும் சனங்கள் சிலிண்டரோடு வீதிக்கு இறங்கிவிட்டார்கள். அன்று வேலை முடிந்து நான் முதலாளியைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. காலமெல்லாம் நாளைக்கென்று எடுத்து வை என்று சொன்ன மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் போனேன்.

“முதலாளி, மேலதிகமா ஒண்டு வாங்கி வைக்கட்டா?”

நான் எந்தப் பக்கம் இருந்து பேசினேன் என்று பார்த்துக்கொண்டு, கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“வேணாம் தங்கச்சி. எரியிற ஒண்டு போதும். ரெண்டாவது இருந்தா அயலுக்காரிட முகத்த நேராப் பாக்க ஏலாது. அது பட்டினியிலயும் பெரிய கரைச்சல்.”

தேத்தண்ணி வந்தது. குடித்தோம். மகளின் குழந்தையைப் பற்றியும், இந்த முறை வாவியில் இறால் குறைந்ததைப் பற்றியும் கதைத்தார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டுக்கொண்டிருந்தேன். நிறைந்த சிலிண்டர் இரண்டு முந்தாநாளே என் வீட்டுக் குசினிக்கு வந்து சேர்ந்துவிட்டன என்பதையும், அவற்றின்மேல் நான் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறேன் என்பதையும் அவரிடம் சொல்லவில்லை.