ரிப்பன் கட்டிய காற்றுக் குழாய்

1. சண்டைக் கப்பலுக்குப் புதுச் சட்டை

அந்தக் கப்பலில் நான் இஞ்சினுக்கு எண்ணெய் போடும் ஆயில்மேனாக ஏறிய முதல் நாள், பீரங்கி நின்ற மேடையில் பேண்டுக்காரர்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மகாயுத்தத்தில் கடலில் கண்ணிவெடி வாரிய நீராவிக் கப்பல் அது. சண்டை முடிந்ததும் ஒரு சிங்கப்பூர்க் கம்பெனி அதை ஏலத்தில் எடுத்து, சாம்பல் நிறத்தைச் சுரண்டி வெள்ளையடித்து, உல்லாசக் கப்பலாக்கியது. குண்டு அடுக்கிய அறையில் பிராந்தி அடுக்கினார்கள். சிப்பாய்கள் படுத்த இடத்தில் மெத்தை போட்ட கேபின்கள் வந்தன.

மேல்தட்டில் துரைமார் நடனமாட இடம் வேண்டுமாம். அதற்காக, பாய்லர் ரூமுக்குக் காற்று இறக்கிய இரும்புக் குழாய்களை அறுத்து எறிந்துவிட்டார்கள். பதிலுக்கு ஒரு கித்தான் குழாய். பாய்மரக் கயிற்றில் தொங்கவிட்டால், அதன் வாய் காற்றை வாங்கிக் கீழே அனுப்பும். பார்க்க லட்சணமாக இருக்காதுதான். ஆனால் கீழே கரி அள்ளுகிறவனுக்கு அதுதான் மூக்கு.

2. குக்கூப் பயணம்

ஜொகூர் பாருவிலிருந்து குக்கூப் வரை போய்ப் பொழுது சாயத் திரும்புவது முதல் பயணம். மேலே தோட்டத் துரைகளும் அவர்கள் சம்சாரங்களும். கீழே பாய்லருக்குக் கரி போடும் பயர்மேன் மாரிமுத்து, என் அக்காள் புருஷன். சிகாமட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர் புதிதாகக் கப்பலுக்கு வந்திருந்தார்.

நடுப்பகலில் அனல் தாங்க முடியவில்லை. "மாப்ள, காத்தே வரலயே... மூச்சு முட்டுது" என்றவர், கரிக் குவியல்மேலேயே சாய்ந்துவிட்டார். தண்ணீர் அடித்தும் கண் திறக்கவில்லை. "மேல போய்க் குழாயப் பாரு! லெக்காஸ், சீக்கிரம்!" என்று செகண்ட் இஞ்சினியர் விரட்டினார்.

கரி பூசிய உடம்போடு மேல்தட்டுக்கு யாரும் வரக்கூடாது. நான் போனேன். கித்தான் குழாயை நடுவில் சேர்த்து இறுக்கி, சிவப்பு ரிப்பன் கட்டி, காகிதப் பூவும் செருகியிருந்தார்கள்.

"ஐயோ, யாருய்யா இதக் கட்டுனது?"

"நான்தான்" என்றார் பட்லர் அந்தோணி. "மூட்டையாட்டம் தொங்குதுன்னு துரையம்மாங்க மூஞ்சி சுளிச்சாங்க. நீ ஏன்டா மேல வந்த? எறங்கு!"

"கீழ ஆளு செத்துக்கிட்டு இருக்காருய்யா!"

"டான்ஸு முடியட்டும் லா, அவுத்துடலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இடுப்புக் கத்தியை உருவி ரிப்பனை அறுத்தேன். துரையம்மாக்கள் அலறினார்கள், பேண்டு நின்றது. குழாய் புடைத்துக்கொண்டு எழுந்தது. அந்தோணி என் பிடரியைப் பிடித்தார். உதறிவிட்டுக் கீழே ஓடினேன்.

மாரிமுத்துவைக் குழாயின் அடியில் கிடத்தியிருந்தார்கள். வெகுநேரம் கழித்து இருமினார். "யாரு மாப்ள அழுவுறது?" என்று கேட்டார். நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

படகுத்துறைக்கு வந்ததும் கப்பல் துரை என்னை வேலையிலிருந்து நீக்கினார். விருந்தாளிகள் முன்னால் கத்தி எடுத்தது குற்றம். ரிப்பனைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மாரிமுத்து இருக்கலாம் என்றார்கள். "இவன் இல்லாத கப்பல்ல எனக்கு என்னங்க வேல?" என்று சொல்லிவிட்டு, அவரும் துணி மூட்டையோடு இறங்கிவிட்டார்.

கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஏறும்போது வெள்ளைப் பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். கீழே காற்று எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். பிறகு, அந்த வழியை அடைக்க மேலே யாருக்கெல்லாம் அதிகாரம் இருக்கிறது என்று கேளுங்கள்.