ஓட்டை போட்ட பால் டப்பா

வெள்ளைக்காரன் ஆட்சியில், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக. காலையில் ஒவ்வொருவராகச் சோதித்து மலைக்கு அனுப்புவார்கள். ஒரு வாய்ச் சோறும் வெளியே போகக் கூடாது. வேலை முடிந்த பிறகுதான் கேட் மறுபடி திறக்கும். கடையில் டப்பாப் பால் வாங்கினால்கூட, யாரும் சேர்த்துவைத்துக் கடத்தாதபடி, கடைக்கார நானா ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். சட்டம் அப்படி.

என் மூத்த மகன் அப்போது கைக்குழந்தை. அவனை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவேன். மலையில் பனியிலும் மழையிலும் நனைந்து வந்தவளின் பால் குளிர்ந்துபோயிருக்கும், பிள்ளைக்குச் சளி கட்டும் என்பது எங்கள் லயத்துப் பேச்சு. அதனால் வீடு திரும்பியதும் பாலைத் தரையில் பீச்சிவிடுவோம். நானும் அப்படியே செய்தேன். பகலில் ஆயா டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுப்பார். நாளாக ஆக எனக்குப் பால் வற்றியது. டப்பாவின் ஓட்டை வழியே எறும்பும் ஈயும் இறங்கும். அதை வடிகட்டித்தான் கொடுத்தோம். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது, நிற்கவில்லை. தொடைத் தோல் தொங்கிப்போனது. பிழைத்தால் பால் ஊற்றுகிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு மிஸ்ஸி எங்கள் தோட்டத்துக் கிளினிக்குக்கு வருவார். நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பிள்ளையைத் தராசில் படுக்கவைத்தவர் முகம் மாறிவிட்டது.

"என்ன தங்கச்சி குடுக்கிற?"

"டப்பாப் பாலு மிஸ்ஸி. எனக்கு ஊறல. வர்றதும் மலையில நனைஞ்ச பாலு, சளி புடிச்சுக்கும்."

"உள்ள இருக்கிற பாலு எப்படி நனையும்? வாளியிலயா வெச்சிருக்க?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"கீழ கொட்டாத லா. பிள்ளை சப்பினாத்தான் ஊறும். டப்பாவ நிறுத்திரு. இப்படியே போனா இவன் தங்க மாட்டான்."

"பகல்ல எப்படிக் குடுக்கிறது மிஸ்ஸி? கேட்டு திறக்க மாட்டாங்களே."

மிஸ்ஸி பிள்ளையை என் மடியில் வைத்து, வாயை எப்படிப் பொருத்துவது என்று காட்டினார். பிறகு தோட்டத்தை நடத்தும் துரையைப் பார்க்கப் போனார். என்ன பேசினாரோ, எனக்குத் தெரியாது. அந்த வாரத்திலேயே கங்காணி வந்து, பால் கொடுக்கிறவர்களுக்கு இனிமேல் கேட்டுக்குப் பக்கத்து மலையில்தான் வேலை என்றார். கேட்டை ஒட்டி, பெண்களைச் சோதிக்கும் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. காலையும் மாலையும் தவிர மற்ற நேரம் சும்மாதான் கிடக்கும். பத்து மணிக்கு ஆயா உள்பக்கத்திலிருந்து பிள்ளைகளை அங்கே தூக்கி வருவார். நாங்கள் வெளிப்பக்கமாக நுழைந்து, பால் கொடுத்துவிட்டு, அதே வழியில் மலைக்குத் திரும்ப வேண்டும்.

முதலில் சொட்டுதான் வந்தது. பிள்ளை அழுதான், நானும் அழுதேன். அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே அவனை மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு ஊறத் தொடங்கியது. ஒருநாள் காலை, சோதனை போடும் அக்கா ஈரமாயிருந்த என் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்தார்.

"தினம் சாப்பாட்டை வெளிய கடத்துறது நீதானா? புடிச்சுக் குடுக்கவா?"

"பத்து மணிக்குத் திரும்பக் கொண்டாந்துருவேன் அக்கா."

அடுத்தடுத்த வாரங்களில் தராசு முள் நகர்ந்தது. மிஸ்ஸி "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைத் தூக்கினார்.

வேண்டுதல் பாக்கி இருந்தது. மாட்டுப் பால் கிடைக்காததால் கடைக்குப் போனேன்.

"டப்பாவே வேணாம்னியேம்மா?" என்றார் நானா.

"இது சாமிக்கு நானா. ஓட்டை போடாம குடுங்க."

"சாமிக்கும் சட்டம் சட்டம்தாம்மா" என்று ஆணியை வைத்து ஒரே அடி அடித்தார்.

லயத்துக் கோயிலில் அந்த ஓட்டை வழியாகவே அம்மனுக்கு ஊற்றினேன். நூல் மாதிரி மெதுவாக இறங்கியது. டப்பா காலியாகும் வரை காத்திருக்கப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை. இடுப்பிலிருந்தபடியே என் ரவிக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.