நிமிராத கழுத்துக்குப் பெயர் அழகாம்!

போன வியாழக்கிழமை ஸ்டெல்லா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? எனக்கு இன்னும் அந்த நிம்மதி தீரவில்லை.

ஸ்டெல்லா எங்கள் கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு வருஷத்துக்கு முன் கொதிக்கிற சாம்பார் கொட்டி, தாடையிலிருந்து மார்பு வரை தோல் இறுகி, தலை குனிந்தபடியே நின்றுவிட்டது. அண்ணாந்து தண்ணீர் குடிக்க முடியாது. எதிரே வரும் ஷிஃப்ட் பஸ் தெரியாது. அரசுக் காப்பீட்டில் ஆபரேஷனுக்கு மனு போட்டாள். "அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது" என்று திரும்பி வந்தது.

அழகாம்!

"வுடுங்க சார். பியூட்டி பார்லர் மாடியில ஒருத்தர் சரி பண்றாராம். திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காரு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். போர்டில் லேசர் இருந்தது, சிரிக்கும் நடிகை இருந்தாள்... டாக்டர் பட்டம் மட்டும் இல்லை. கத்தி பிடிக்கிறவனை ஒரு கேள்வி கேட்க ஆளில்லை. கழுத்து நிமிராதவளுக்கு ஆயிரம் கேள்வி!

லீவு போட்டு அவளைக் காப்பீட்டு ஆபீசுக்கு அழைத்துப் போனேன் — சண்டை போடத்தான். அங்கிருந்த அதிகாரி அம்மா ஃபைலைப் பிரித்தார். மனுவோடு வந்த ஃபோட்டோவை என் பக்கம் தள்ளினார்.

கழுத்தில் தழும்பே இல்லை!

அந்தப் படத்தை எடுத்த, எங்கள் குடியிருப்பு ஸ்டூடியோக்காரருக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டேன். "பொம்பளைங்க ஃபோட்டோ ஆச்சே சார்... வடு, மரு எல்லாம் நானே எடுத்துடுவேன். இருபது வருஷமா அப்பிடித்தான்." குரலில் பெருமை வேறு!

"நீயாவது பார்க்கக் கூடாதா?" என்று ஸ்டெல்லாவிடம் பாய்ந்தேன்.

"பாத்தேன் சார். நல்லா இருந்துச்சு. ரெண்டு காப்பி கூடப் போட்டுக்கினேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க, ஃபேனைப் பாரும்மா" என்றார். ஸ்டெல்லா முயன்றாள். கண் மேலே போனது, தலை போகவில்லை. அவர் சிரிப்பை நிறுத்தினார். "அழகு" என்ற சொல்லை மனுவில் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அரசு ஆஸ்பத்திரிக்கு நேராப் போங்க. ஃபோட்டோ அவங்களே எடுத்துக்குவாங்க. ஸ்டூடியோ பக்கம் போயிடாதீங்க!"

அப்பாடா! திங்கட்கிழமை அவள் பார்லர் மாடி ஏறவில்லை. ஆபரேஷன், ஒட்டுத்தோல், கழுத்துப்பட்டை என்று மாதங்கள் ஓடின. போன வியாழக்கிழமை காபியை நீட்டிவிட்டு மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"இத்தினி நாளா ஒங்க சட்டப் பாக்கெட்டத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றவள், கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "சார்... தலைக்கு டை அடிக்கிறீங்களா?"

ஆமாம் தாயே. அழகு சிகிச்சை என்றால் அதுதான். அதற்கு அரசு ஒரு பைசா தர வேண்டாம்!