றூம் கோட்டின் உள்பை

காலை ஏழு நாற்பது. கபின் யன்னலின் திரையை விலக்கியபோது முதலில் கண்டது கரையோர வீதியில் நின்ற ஒரு மஞ்சள் தபால் வான். ஈபிள் கோபுரம் அதற்குப் பின்னால் நின்றது; அதை இரண்டாவதாகத்தான் கண்டேன். பாரிசுக்குக் கப்பலில் வருகிறவர்கள் வழக்கமாக வேறு வரிசையில் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் எடுத்துத் தந்த பயணம் இது. லண்டனில் மூட்டுவலி பார்த்துக்கொண்டிருக்கும் தாய் தகப்பனுக்கு, சேன் நதியில் ஒரு வாரம். அன்று ஓய்வு நாள். மாலை ஆறு மணிக்குள் திரும்பி வந்தால் போதும், அதுவரை ஊரைச் சுற்றலாம் என்று அறிவித்திருந்தார்கள். நான் மேல்தட்டுக்குப் போனபோது மனைவி ஏற்கனவே தொலைபேசியோடு நின்றாள்.

“இஞ்சரப்பா, அந்தப் படத்திலை நிண்ட மாதிரி ஒருக்கா நில்லுங்கோ.”

“எந்தப் படம்?”

“தெரியாத மாதிரிக் கேக்கிறார். கோட்டோட நிண்ட படம்.”

நின்றேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, “அப்ப உந்த வண்டி வயிறு இல்லை,” என்றாள்.

அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நான் அவளுக்கு அனுப்பிய முதல் படம். சுற்றுலாப் படகு, பின்னால் ஒரு பாலம், நடுவில் ஒட்டக நிறக் கோட்டுடன் முப்பத்து மூன்று வயது ஆள். ஒரு ஜெர்மன்காரக் கிழவர் எடுத்துத் தந்தது. படம் நேராக இருக்கிறது. அதில் இருப்பவனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என்னுடையதல்ல. பாரிசின் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் நாங்கள் எட்டுப் பேர் இருந்த அறையில், கனடாவுக்குப் போன ஒருவர் விட்டுப்போனது. அதை ‘றூம் கோட்டு’ என்போம். விசாரணைக்குப் போகிறவன், செத்தவீட்டுக்குப் போகிறவன், ஊருக்குப் படம் அனுப்புகிறவன், எல்லோருக்கும் அதுதான். மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பு. கழுத்தடியில் பூச்சி உருண்டை மணக்கும், கையில் பொரித்த எண்ணெய் மணக்கும். இன்றைக்கும் ஏதாவது பழைய அலுமாரியைத் திறந்து பூச்சி உருண்டை மணத்தால், அந்தத் திங்கட்கிழமைதான் எனக்கு வரும்.

நான் கோப்பை கழுவிய உணவகத்துக்குத் திங்கள் விடுமுறை. பாரிசுக்கு வந்து இரண்டு வருடமாகியும் நான் நதியில் ஏறியதில்லை. அன்றைக்கு ஏறுவது என்று முடிவெடுத்து, கோட்டைப் போட்டுக்கொண்டு பத்தேகாலுக்குப் படியிறங்கினேன். கீழே கடிதப்பெட்டி. எட்டுப் பெயரும் ஒரே பெட்டியில், எட்டுக் கையெழுத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். அறையில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் வேலை செய்தவன் என்ற மதிப்பும் இருந்தது. அதனால் பெட்டியின் பூட்டுத் திறப்பு என்னிடம்.

பெட்டிக்குள் ஒரு அறிவித்தல் துண்டு கிடந்தது. தபால்காரர் பதிவுக் கடிதம் கொண்டுவந்திருக்கிறார், ஆள் இல்லை. பதினைந்து நாளுக்குள் தபாலகத்துக்கு வந்து எடுக்கவும். பெயர் தவராசாவுடையது. நாங்கள் தவம் என்போம். இரண்டு வயது மகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவன். அகதி விசாரணைக்கு அழைக்கும் கடிதத்துக்காகக் காத்திருந்தான். அவன் அப்போது துப்பரவு வேலைக்குப் போயிருந்தான். பின்னேரம் கொடுக்கலாம் என்று துண்டைக் கோட்டின் உள்பையில் வைத்தேன்.

அதன் பிறகு நான் கழித்த நாளை இவ்வளவு காலத்துக்குப் பிறகும் மணி மணியாகச் சொல்வேன். படகு. பிறகு பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து பாணும் சீஸும். பழைய புத்தகக்காரர்களின் பச்சைப் பெட்டிகள். ஒரு தேவாலயத்தில் யாரோ ஓர்கன் பழகினார்கள். பிழைவிட்ட இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். அவசரமில்லாத ஒரு நாள் எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்து போயிருந்தது. அறைக்குத் திரும்பியபோது வாசலில் எங்களில் ஒருவன் கோட்டுக்காகக் காத்து நின்றான். லியோனில் கலியாணம், ரயிலுக்கு அரை மணித்தியாலம். கழற்றிக் கொடுத்தேன்.

அவன் அங்கேயே வேலை எடுத்துத் தங்கிவிட்டு, கோட்டை இன்னொருவரிடம் கொடுத்தனுப்பியபோது இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. இதற்கிடையில் தவம் தினமும் கேட்பான்.

“அண்ணை, பெட்டியிலை ஏதும்?”

“ஒண்டும் இல்லை, தவம்.”

துண்டு அடியோடு மறந்துபோனதால், இருபத்தொரு நாளும் உண்மை என்று நம்பித்தான் அதைச் சொன்னேன். இருபத்திரண்டாம் நாள் சொன்னபோது நம்பவில்லை. அதற்குள் கை உள்பைக்குள் போய் வந்துவிட்டது. துண்டை நாலாகக் கிழித்து மெற்றோ குப்பைத்தொட்டியில் போட்டேன்.

விசாரணைக்கு அழைத்தோம், நீர் வரவில்லை, மனு நிராகரிக்கப்பட்டது. அந்தக் கடிதத்தையும் நான்தான் அவனுக்கு வாசித்தேன். “எனக்கொரு துண்டும் வரேல்லையே அண்ணை,” என்றான். தபால்காரன் போடாமல் போயிருப்பான் என்று அறையில் யாரோ சொன்னார்கள். நான்தான் சொன்னேன் என்று எழுதுவதே சரி. தபாலகத்துக்கு முறைப்பாடு எழுதினதும் நான்தான். நல்ல பிரெஞ்சில், ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல். பத்திரிகையில் இருந்தபோது, பிழை வந்தால் அடுத்த நாள் ‘திருத்தம்’ என்று ஒரு சிறு பெட்டி போடுவோம். அதை எழுதுவது என் வேலையாக இருந்தது. நாலு வரிக்கு மேல் போகக்கூடாது.

மேல்முறையீடும் தோற்றது. தவத்துக்கு வதிவிட விசா கிடைக்கப் பத்து வருடம் சென்றது. நான் நாலாம் வருடமே லண்டனுக்குப் போய்விட்டேன். அவன் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறான் என்று ஆறு வருடமாகத் தெரியும். அதற்குள் இரண்டு தரம் பாரிசுக்கு வந்தும் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த முறை போனேன். மனைவிக்குச் சேலை வாங்க வேண்டியிருந்தது என்பது வெளியில் சொன்ன காரணம். முதலில் பழைய கட்டடத்தைப் பார்த்தோம். கதவுக்கு இப்போது இரகசிய எண். கண்ணாடிக்குள்ளால் சாம்பல் நிறப் பெட்டிகள் தெரிந்தன, ஒவ்வொன்றிலும் அச்சடித்த ஒரு பெயர். தொலைபேசி அட்டை விற்ற மூலைக்கடையில் இப்போது நகச்சாயம் பூசுகிறார்கள்.

தவத்தின் கடையில் முருங்கைக்காய், ஈரச்சாக்கு, கறிவேப்பிலை. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டான்.

“அண்ணை! உயிரோடதான் இருக்கிறியள்! அக்கா, இவர்தான் எங்கட றூமின்ரை மந்திரி. கடிதம் வந்தால் இவர் மூக்குக் கண்ணாடி போடுமட்டும் நாங்கள் எட்டுப்பேரும் மூச்சு விடமாட்டம்.”

“எட்டோ? ஏழெண்டு சொல்லுங்கோ. இவரும் சேர்த்தியே?” என்றாள் மனைவி. பிறகு, கேட்காமலே, தொலைபேசியில் அந்தப் படத்தை எடுத்து நீட்டினாள். “தம்பி, இது இவர் எனக்கு முதல் அனுப்பினது.”

“உது எங்கட றூம் கோட்டெல்லோ!” தவம் சத்தமாகச் சிரித்தான். “கறுப்புப் பொத்தானைப் பாருங்கோ. அக்கா, நீங்கள் கோட்டைப் பாத்து ஏமாந்திட்டியள்.”

நான் சொல்லியிருந்த மகள் எப்படி என்று மனைவி கேட்டாள். “பதின்மூண்டு வயசிலைதான் வந்தவள். எயார்போர்ட்டிலை என்னைத் தாண்டிப் போட்டாள், ஆர் அப்பா எண்டு தெரியாமல்.” அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

மனைவி பக்கத்துச் சேலைக்கடைக்குப் போனாள். நான் சாக்குகளுக்கு நடுவில் நின்றேன்.

“தவம், அந்தத் துண்டு வந்தது.”

“எந்தத் துண்டு?”

“தபால் துண்டு. நான் எடுத்தனான். படத்திலை நிக்கேக்கை அது அந்தக் கோட்டுக்குள்ளைதான் கிடந்தது. மறந்துபோனன். பிறகு கண்டு கிழிச்சன்.”

‘திருத்தம்’ பெட்டியில் போட்டால் நாலு வரி.

ஒரு பெண் வந்து வெண்டிக்காய் நிறுக்கச் சொன்னாள். அவன் நிறுத்தான், பையில் போட்டான், மெர்சி என்றான். அவள் போன பிறகும் தராசைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“அப்ப அந்தத் தபால்கார மனுசன் துண்டைப் போட்டிட்டுத்தான் போனவனோ?”

“ஓம்.”

“அவனைப் படிக்கட்டிலை மறிச்சு, சனத்துக்கு முன்னாலை கள்ளன் எண்டு கத்தினனான் அண்ணை. தமிழிலை. அவன் ‘போன் ஜூர்னே’, நல்ல நாளா இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்.”

அவன் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தான்.

“நாங்கள் முறைப்பாட்டுக் கடிதம் போட்டாப் பிறகு ஆளை எங்கட தெருவிலை காணேல்லை, என்ன?”

“காணேல்லை.”

“ஆளின்ரை பேர் என்ன அண்ணை?”

முறைப்பாட்டில் பெயர் இருக்கவில்லை. உயரமான, கண்ணாடி அணிந்த ஊழியர் என்று எழுதியிருந்தேன்.